மூன்று வாரமாகத் தேய்க்கிறேன், கத்தி இன்னும் மொக்கை: கோளாறு கல்லிலா, கையிலா?

#1 மொக்கைக்கத்தி

வணக்கம். மூன்று வாரத்துக்கு முன் ஒரு தீட்டுகல் வாங்கினேன். ஒரு பக்கம் 1000 எண் (சொரசொரப்பு), மறுபக்கம் 6000 (வழவழப்பு). தினமும் இரவு வேலை முடிந்ததும் இருபது நிமிடம் உட்கார்ந்து தேய்க்கிறேன். கறுப்புச் சேறு நன்றாக வருகிறது. கத்தியின் பக்கம் முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கிறது. வெட்டத்தான் மாட்டேன் என்கிறது. காகிதத்தில் வைத்து இழுத்தால் கிழிக்கிறது, அறுப்பதில்லை. கல் வாங்குவதற்கு முன்பு இதைவிட நன்றாக இருந்ததோ என்றுகூடத் தோன்றுகிறது.

இன்னொன்றும் உண்டு, சிரிக்காதீர்கள். தேய்க்கும்போதெல்லாம் என் தொழில் ஞாபகம் வருகிறது. மொழிபெயர்ப்பு வேலை, பதினோரு வருடம், தினமும் எட்டு மணி நேரம். ஐந்தாம் வருடம் செய்ததற்கும் இப்போது செய்வதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. சொல்லப்போனால் அப்போதுதான் நன்றாகச் செய்தேனோ என்னவோ. தேய்மானம் இருக்கிறது, பளபளப்பு இருக்கிறது, கூரைக் காணோம்.

இரண்டில் எதற்குப் பதில் தெரிந்தாலும் சொல்லுங்கள்.

#2 உளியோசை

தம்பி, நான் மரவேலைக்காரன். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

சேறு வருவதும் பளபளப்பதும் ஒன்றுக்கும் அடையாளம் இல்லை. கரண்டியைத் தேய்த்தாலும் சேறு வரும். ஒரு மார்க்கர் பேனா எடுங்கள். கத்தியின் வாயை, அதாவது வெட்டுகிற ஓரத்தை, ஒட்டி இருக்கும் சரிவு முழுக்க, இரண்டு பக்கமும் மை பூசிக் காயவிடுங்கள். பிறகு கல்லில் நாலே நாலு இழுப்பு. வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

வாயை ஒட்டி மெல்லிய மைக்கோடு மிச்சம் இருந்தால் கத்தியை ரொம்பப் படுக்க வைக்கிறீர்கள் என்று அர்த்தம். வாயில் மட்டும் மை போயிருந்தால் ரொம்பத் தூக்குகிறீர்கள். முழுக்கப் போயிருந்தால் கோணம் சரி. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். எனக்கு முதலாவதுதான் என்று படுகிறது. பக்கம் பளபளக்கிறது என்கிறீர்களே, அதனால்.

#3 சமையல்கட்டு

உளியோசை அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோணம் என்றால் கோணமானி வைத்து அளக்க முடியாது, உயரமாக மாற்றிக்கொள்வது எளிது. சமையலறைக் கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி வழக்கம். முதுகிலிருந்து வாய்வரை அலகின் அகலம் 4.5 சென்டிமீட்டர் என்றால், 15 டிகிரிக்கு முதுகைக் கல்லிலிருந்து ஏறக்குறைய 1.2 சென்டிமீட்டர் தூக்க வேண்டும், 20 டிகிரிக்கு 1.5. அந்த உயரத்துக்கு ஒரு மரத்துண்டு வெட்டி வைத்துக்கொண்டு, தொடங்கும்போது மட்டும் முதுகை அதன்மேல் சாய்த்துப் பாருங்கள். கொஞ்ச நாளில் மணிக்கட்டுக்குப் பழகிவிடும்.

கோணம் துல்லியமாக 17-ஆ 18-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எடுத்த கோணத்தை இழுப்புக்கு இழுப்பு மாற்றாமல் இருப்பதுதான் கஷ்டம்.

#4 மொக்கைக்கத்தி

தம்பி இல்லை அண்ணா, தங்கச்சி.

மை பூசிப் பார்த்தேன். வாயை ஒட்டி நூல் கட்டினது மாதிரி கறுப்புக்கோடு, நுனியிலிருந்து பிடிவரை. நாலு இழுப்பு இல்லை, நாற்பது இழுத்தும் போகவில்லை. மூன்று வாரமாக வாயை விட்டுவிட்டு, சரிவு தொடங்குகிற தோளுக்கு மெருகு ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

#5 உளியோசை

மன்னிக்கணும் தங்கச்சி. பேரைப் பார்த்து முடிவுகட்டிவிட்டேன்.

சரி, இனி 6000 பக்கத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். 1000-லேயே இருங்கள். ஒரே பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போங்கள், மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டாம். ஒரு கட்டத்தில் தேய்க்காத பக்கத்தில் பிசிர் எழும்பும். இரண்டு சரிவும் சந்திக்கிற இடம் ரொம்ப மெல்லிசாகி, அங்கே இருக்கிற இரும்பு கல்லுக்கு நிற்க முடியாமல் மறுபக்கம் மடிந்து நீட்டிக்கொள்ளும். அதுதான் பிசிர். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்க்கு வெளியே தள்ளித் தடவுங்கள், சொரசொரவென்று தட்டும். வாயின் நீளவாக்கில் மட்டும் விரலை ஓட்டாதீர்கள், அறுத்துவிடும். விரலை நம்பாவிட்டால் பஞ்சை வைத்து அதே மாதிரி தடவிப் பாருங்கள், பிசிரில் இழை மாட்டும்.

அந்தப் பிசிர் நுனியிலிருந்து பிடிவரை விடாமல் வந்தால்தான் வாயைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். நடுவில் வந்து நுனியில் வரவில்லை என்றால் நுனி இன்னும் மொக்கைதான். வந்தபிறகு பக்கம் மாற்றுங்கள். எத்தனை இழுப்பு என்று எண்ணவே எண்ணாதீர்கள். “பக்கத்துக்கு ஐம்பது” என்று சொல்லிக்கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். கத்திக்கு எண்ணத் தெரியாது.

#6 பகல்தூக்கம்

மரம் வெட்ட ஆறு மணி நேரம் கொடுத்தால் முதல் நாலு மணி நேரம் கோடாலியைத் தீட்டுவேன் என்று ஆபிரகாம் லிங்கன் சொன்னது இங்கே பொருந்தும்!!

#7 எஃகுப்பித்தன்

லிங்கன் எழுதியதிலோ பேசியதிலோ அப்படி ஒரு வரிக்கு ஆதாரம் கிடையாது. அவர் செத்து வெகுகாலம் கழித்து அவர் தலையில் கட்டப்பட்டது. தவிர, ஒரு கோடாலியைத் தீட்ட நாலு மணி நேரம் ஆகிறதென்றால் அந்த ஆளிடம் கோடாலியைக் கொடுக்கக் கூடாது.

கூர் ஏன் போகிறது என்பதையும் பார்ப்போம், ஏனென்றால் எல்லா மழுங்கலுக்கும் கல் தேவைப்படாது. சில நேரம் வாய் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். இரும்பு இருக்கும், நேராக இருக்காது. அதற்குத் தீட்டுகம்பியில் நாலு முறை மெதுவாக இழுத்தால் போதும். சில நேரம் வாய் தேய்ந்து உருண்டிருக்கும். அதற்குத்தான் கல். சில நேரம் பொடிப்பொடியாகச் சில்லு பெயர்ந்திருக்கும். அதற்கு இன்னும் சொரசொரப்பான கல், 400 மாதிரி.

எஃகைவிட மெத்தென்ற பொருளை வெட்டினால் எஃகு எப்படிச் சேதமாகும் என்று கேட்பார்கள். 2020-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆட்கள் சவரக் கத்தியை மின்னணு நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து முடியை வெட்டிப் பார்த்தார்கள். முடி அந்த எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மெத்தென்றது. ஆனாலும் வாயில் சில்லு பெயர்ந்தது. எஃகின் உள்ளமைப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. முடி சாய்ந்து வளைந்து, பலவீனமான ஓர் இடத்தின் ஓரத்தில் அழுத்தினால் அங்கே விரிசல் தொடங்குகிறது. அறுக்கும்போது கத்தியைப் பக்கவாட்டில் நெம்பாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். கண்ணாடிப் பலகையில் வைத்து வெட்டுகிறவர்களுக்குத் தனியாக நரகம் உண்டு.

இன்னொன்று. எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 60-க்கு மேல் போகிற கத்திக்கு வரி போட்ட இரும்புக் கம்பியைக் காட்டாதீர்கள், வாய் பெயரும். பீங்கான் கம்பி பரவாயில்லை.

#8 இரவுப்பணி

நான் செவிலியர். கத்தி பற்றித் தெரியாது, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

பதினோரு வருடம் செய்தும் முன்னேற்றம் இல்லை என்பது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 2005-ல் மருத்துவர்களின் அனுபவமும் சிகிச்சைத் தரமும் பற்றிய 62 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அதில் 32 ஆய்வுகளில், அளந்த எல்லா விஷயத்திலும், அனுபவ ஆண்டு கூடக் கூடத் தரம் இறங்கியிருந்தது. முதல் முறை படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

பிறகு என் கையிலேயே பார்த்தேன். நின்றுபோன இதயத்துக்கு மார்பை அழுத்தும் பயிற்சி எங்களுக்கு அவ்வப்போது உண்டு. பெரியவர்களுக்கு ஆழம் குறைந்தது 5 சென்டிமீட்டர், 6-ஐத் தாண்டக் கூடாது, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். எல்லாருக்கும் மனப்பாடம். ஒருமுறை ஆழத்தைக் காட்டும் விளக்கு வைத்த பொம்மையில் செய்யச் சொன்னார்கள். நான் பல வருடம் செய்தவள், வேர்த்துக் கொட்டச் செய்தேன், விளக்கு எரியவே இல்லை. ஆழம் போதவில்லை. அந்த விளக்கு இல்லாத பொம்மையில் இதே தப்பை எத்தனை பயிற்சியில் செய்திருப்பேன் என்று யோசித்தால் தூக்கம் போகிறது. விளக்கைப் பார்த்துக்கொண்டே செய்தபோது இரண்டே நிமிடத்தில் சரியாகிவிட்டது.

உளியோசை ஐயா சொன்ன பிசிர்தான் எனக்கு அந்த விளக்கு. உங்கள் வேலையில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

#9 உளியோசை

கத்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லாரும் வாழ்க்கைக்குப் போய்விடுகிறீர்கள். உளியை உளியாக இருக்க விடுங்கள் அம்மா. (அந்த பொம்மை விஷயம் நன்றாக இருந்தது.)

#10 நிரல்நெய்பவள்

இரவுப்பணி சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒரு எச்சரிக்கையோடு. பயிற்சி செய்தால் எதுவும் வரும் என்று பேசுவது சுலபம். 2014-ல் பயிற்சி பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டபோது, ஆளுக்கு ஆள் திறமையில் இருக்கும் வேறுபாட்டில் திட்டமிட்ட பயிற்சியால் விளங்குவது சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் 26 சதவீதம், இசையில் 21, விளையாட்டில் 18 என்று வந்தது. தொழில்களில் 1 சதவீதத்துக்கும் கீழே.

இதைப் பார்த்துப் பயிற்சி வீண் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. என் எண்ணம் இதுதான்: சதுரங்கத்தில் தப்பான காயை நகர்த்தினால் அடுத்த நிமிடமே அடி விழும். எங்கள் வேலையில் இன்று எழுதிய நிரலின் தப்பு எட்டு மாதம் கழித்து, வேறொருவர் தலையில், வேறொரு பெயரில் வந்து விழும். எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியாது. பிசிரே எழும்பாத கத்தி மாதிரி.

அதனால் பிசிரை நானே உண்டாக்கிக்கொள்கிறேன். நிரலை ஓடவிடுவதற்கு முன், என்ன விடை வரும், எவ்வளவு நேரம் எடுக்கும், எங்கே முறியும் என்று ஒரு வரி நோட்டில் எழுதிவிடுவேன். பிறகு ஓட்டிப் பார்ப்பேன். எழுதியதும் நடந்ததும் ஒன்றாக இருந்தால் அந்த இடத்தில் எனக்குத் தீட்ட ஒன்றுமில்லை. மாறினால் அங்கே உட்காருவேன். முதல் மாதம் அவமானமாக இருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்த இடங்களில்தான் அதிகம் தப்பினேன்.

#11 பகல்தூக்கம்

லிங்கன் போனார். 21 நாள் விடாமல் செய்தால் பழக்கம் ஆகிவிடும் என்பதாவது உண்மையா, அதையும் பிடுங்கிவிடுவீர்களா?

#12 இரவுப்பணி

பிடுங்கத்தான் வேண்டும், மன்னியுங்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் யோசிக்காமல் தானாக நடக்கிற அளவுக்குப் பழகச் சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கும் செயலுக்கும் தகுந்தாற்போல் 18 நாளிலிருந்து 254 நாள்வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். உங்களுக்கு ஆறுதலாக ஒன்று: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை.

ஆனால் பழக்கம் வேறு, கூர் வேறு. மொக்கைக்கத்தி தங்கச்சி தினமும் இருபது நிமிடம் தவறாமல் தேய்த்தார். பழக்கத்தில் ஒரு குறையும் இல்லை.

#13 பகல்தூக்கம்

வலிக்கிறது, ஆனால் சரி.

#14 மொக்கைக்கத்தி

பிசிர் வந்தது!! முதல் பக்கம் வர இருபத்தைந்து நிமிடம் ஆனது, இரண்டாம் பக்கம் பத்து நிமிடம். காகிதம் சத்தமில்லாமல் இரண்டானது. முழங்கை முடியை வழித்துப் பார்த்தேன், வழித்தது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அது நேற்று. இன்று மதியம் அரை மணி நேரம் காய் நறுக்கியதும் பழையபடி மொக்கை. இது என்ன கொடுமை?

#15 சமையல்கட்டு

பிசிரை எடுத்தீர்களா? எடுக்கவில்லை, தெரிகிறது.

நீங்கள் நேற்று வெட்டியது கத்தியால் இல்லை, பிசிரால். அது எந்தப் பக்கமும் சாயாமல் நட்டக்குத்தலாக நேரே நின்றுவிட்டால் சவரக் கத்தியைவிடக் கூராக இருக்கும், முடியை வழிக்கும், காகிதத்தை அறுக்கும். ஆனால் அது வெறும் தகடு. பலகையில் நாலு தட்டு தட்டினால் மடியும், இல்லாவிட்டால் பிய்ந்து போகும். பிய்ந்த இடம் மொட்டையாக நிற்கும். தீட்டக் கற்றவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் கல்லைக் குறை சொல்லிவிட்டு விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டேன், ஒரு வருடம்.

எடுக்கிற விதம்: பிசிர் வந்தபிறகு அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கத்தியின் எடை மட்டும் கல்லில் இருந்தால் போதும். ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் ஐந்து. பிறகு நான்கு நான்கு, மூன்று மூன்று, கடைசியில் ஒன்று மாற்றி ஒன்று. (உளியோசை அண்ணன் எண்ணாதே என்றார். இங்கே மட்டும் எண்ணலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்.) அடுத்து 6000 பக்கத்தில் இதையே. கடைசியாகத் தோல் வாரில் வாயைப் பின்னால் விட்டு இழுங்கள், முன்னால் தள்ளினால் தோல்தான் அறுபடும். தோல் இல்லையென்றால் செய்தித்தாளை மடித்து வைத்து இழுக்கலாம். ஒவ்வொரு கட்டத்திலும் பஞ்சு வைத்துத் தடவுங்கள். எந்தப் பக்கமும் இழை மாட்டக் கூடாது.

#16 நிரல்நெய்பவள்

இந்தப் பிசிர்க்கூர் எனக்கு நன்றாகப் பழக்கம். மூன்று நாள் பயிற்சி வகுப்பு முடிந்து வெளியே வரும்போது இருக்குமே, அதேதான். திங்கள்கிழமை எல்லாவற்றையும் அறுப்பேன். அடுத்த வாரம் ஒன்றும் இருக்காது.

#17 உளியோசை

கோபிக்கவில்லை, அங்கே எண்ணலாம்.

#18 கருகியது

நானும் ஒரு கதை சொல்லலாமா? பொறுமை இல்லாமல் என் நல்ல கத்தியை மின்சாணையில் தீட்டக் கொடுத்தேன். இரண்டு நிமிட வேலை, பொறி பறந்தது. பயங்கரக் கூராகத் திரும்பி வந்தது. வாயோரம் மட்டும் நீலமும் ஊதாவுமாக அழகாக ஒரு கோடு. அதிலிருந்து எத்தனை தீட்டினாலும் இரண்டு நாள் தாங்குவதில்லை. கத்தி செத்துவிட்டதா?

#19 எஃகுப்பித்தன்

பதம் போய்விட்டது. எஃகு அந்த நீலத்துக்கு வர ஏறக்குறைய 300 டிகிரி சூடு ஏற வேண்டும். பெரும்பாலான கத்திகளுக்குப் பதம் ஏற்றுவது அதற்குக் கீழே உள்ள சூட்டில். அதைத் தாண்டினால் எஃகு இளகிவிடும், ஆறினாலும் பழைய கடினம் திரும்பாது. வாய் மெல்லிசு என்பதால் நொடியில் சூடு ஏறும், கையில் பிடித்திருக்கிற இடத்தில் தெரியவே தெரியாது. அதனால்தான் தண்ணீர் விட்டு மெதுவாகச் சுற்றும் சாணை நல்லது.

சாகவில்லை. நீலம் உள்ள இரும்பு முழுக்கத் தேய்ந்து போகும்வரை கல்லில் கையால் தீட்டுங்கள். நிறம் மேலே மட்டும் மறைந்தால் போதாது, நிறம் தெரிந்த இடத்துக்கு உள்ளேயும் கொஞ்சம் இளகியிருக்கும். அதைத் தாண்டிப் போனால் பழைய எஃகு கிடைக்கும். கத்தியின் அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறையும், பரவாயில்லை.

தீட்டுவது என்றாலே இரும்பைக் கழிப்பதுதான், இதை யாரும் சொல்வதில்லை. தினமும் தீட்டுகிறேன் என்று பெருமைப்படுகிறவர்கள் தினமும் கத்தியைச் சாப்பிடுகிறார்கள்.

#20 உளியோசை

அதற்குத்தான் உளியில் நாங்கள் இரட்டைச் சரிவு வைப்பது. முதல் சரிவு 25 டிகிரி, அதன் நுனியில் மட்டும் 30 டிகிரியில் மயிரிழை அளவுக்கு இரண்டாவது. மழுங்கினால் அந்த மயிரிழையை மட்டும் தொட்டால் போதும், ஒரு நிமிட வேலை. பத்துப் பன்னிரண்டு முறை ஆனபிறகு அந்த இழை அகலமாகிவிடும், அப்போது ஒருநாள் உட்கார்ந்து 25-ஐ மறுபடி எடுக்க வேண்டும். சமையலறைக் கத்திக்கும் செய்யலாம்.

இதை வைத்தும் யாராவது வாழ்க்கைக்குப் போவீர்கள் என்று தெரியும். போங்கள்.

#21 பகல்தூக்கம்

1991-ல் ஆல்ப்ஸ் பனியில் 5,300 வருடப் பழைய மனிதன் ஒருவன் கிடைத்தானே, ஓட்சி. அவன் சாமான்களில் கல்கத்திக்குக் கூர் எடுக்கவே தனியாக ஒரு கருவி இருந்தது: மரக்குச்சிக்குள் செருகிய மான்கொம்பு முனை, பென்சில் மாதிரி. 2018-ல் அவன் கருவிகளை ஆராய்ந்தவர்கள், சாவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் அவற்றை மறுபடி கூராக்கியிருக்கிறான் என்றும், பலமுறை கூர் எடுத்து எடுத்து அவை தேய்ந்து சிறுத்துப்போயிருந்தன என்றும் எழுதியிருக்கிறார்கள். இந்த முறை சரிபார்த்துவிட்டுத்தான் போடுகிறேன்.

#22 எஃகுப்பித்தன்

இது சரி. அருமை.

#23 மொக்கைக்கத்தி

பத்து நாள் கழித்து வருகிறேன்.

கத்தி: சமையல்கட்டு அக்கா சொன்னபடி பிசிரை எடுத்தேன். முடியை முன்பு மாதிரி வழிக்கவில்லை, காகிதத்தை அறுக்கிறது. ஒன்பதாம் நாளும் அறுக்கிறது. நடுவில் ஒரே ஒருமுறை செய்தித்தாளில் இழுத்தேன்.

வேலை: இரவுப்பணி அக்கா கேட்ட விளக்கைத் தேடினேன். என் மொழிபெயர்ப்பைப் படிக்கிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் நான், இன்னொருவர் மூலத்தையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கிறவர். இரண்டு பேருக்கும் மூலம் தெரியும், அதனால் வாக்கியம் எப்படிக் கோணிக்கொண்டு நின்றாலும் புரிந்துவிடுகிறது. எனவே மூலமொழி தெரியாத என் சித்தியிடம் இரண்டு பக்கம் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னேன். நான் வாயைத் திறக்காமல், அவர் நின்ற இடத்திலும் திரும்பப் படித்த இடத்திலும் மட்டும் என் தாளில் புள்ளி வைத்தேன்.

இரண்டு பக்கத்தில் பத்தொன்பது புள்ளி. நான் மெனக்கெட்டுத் தேடித்தேடிச் சொல் மாற்றிய இடங்களில் ஒரு புள்ளியும் இல்லை. பதினோரு வருடமாகச் சொல்லைத்தான் தேய்த்திருக்கிறேன். சித்தி தடுக்கி விழுந்தது பூராவும் வாக்கியத்தின் நடுவில், வினை எப்போது வரும் என்று காத்திருந்த இடத்தில்.

இப்போது வாரத்துக்கு இரண்டு பக்கம் அவரிடம் கொடுக்கிறேன். கூலியாகக் கத்தி தீட்டிக் கொடுக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். இரண்டு நாளாகச் சித்தியின் கத்தியைத் தீட்டும்போது நுனிப்பக்கம் பிசிர் சீராக வரவில்லை. மை போட்டுப் பார்த்தேன், கோணம் சரியாகத்தான் இருக்கிறது.

#24 உளியோசை

கல்லைப் பார்த்தீர்களா? ஐந்தாறு வாரமாக நடுவிலேயே தேய்த்திருப்பீர்கள், குழி விழுந்திருக்கும். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். தட்டையான கண்ணாடிமேல் ஈரமான உப்புத்தாளை ஒட்டி, அதில் கல்லைக் கவிழ்த்துப் பத்துத் தேய்ப்பு தேய்த்துப் பாருங்கள்.

#25 மொக்கைக்கத்தி

பார்த்தேன் அண்ணா. நாலு ஓரத்திலும் கோடு போய்விட்டது. நடுவில் அப்படியே இருக்கிறது.